குறிப்பேட்டில் அடித்தவை

பார்பாத்தே துறைமுகத்துக்குப் பின்னால்
மூடிக்கிடக்கிறது ஐஸ் ஆலை. அதன் முற்றத்தில்
இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம்
சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று.
மிச்சமெல்லாம் சண்டை.

வலென்சியாவிலிருந்து வந்த விற்பனையாளர்
மடிக்கணினியில் களத்தைச் சுழற்றிக் காட்டினார்:
மூலையில் கம்பமில்லை, பின்சுவரில் கம்பமில்லை,
கண்ணாடியின் தோளில் கண்ணாடி.
"மீன்தொட்டி மாதிரி இருக்கு" என்றான் எலாதியோ.
முப்பது வருஷம் சூரை வலை இழுத்தவன்.
அது பாராட்டா என்று யாரும் கேட்கவில்லை.

பேடல் மன்றத்தின் செயலாளர் நான்;
பேசுகிறவர்களை எழுதுவது என் வேலை.
எட்டுப் பேர், பதினொரு கருத்து
என்று எழுதி அடித்தேன்.

சிமெண்டுச் சுவர் போதும் என்றார் பௌலினோ.
அவர் பழகியது அதில்தான்.
பந்து மொத்தென்று மோதும், பாதி செத்துத் திரும்பும்;
அந்தச் சாவின் அளவுக்கு
முழங்கால் மடங்கக் கற்றிருக்கிறது.
"உள்ளே யார் ஆடுறாங்கன்னு தெரியாதே."
"தெரியவே வேண்டாம். நான் ஆடி
நீ பார்த்திருக்கியா, நூரியா?"

சுவர் இருந்தால்தான் சித்திரம்.
கண்ணாடிச் சுவரில்
சித்திரம் எந்தப் பக்கம்?
இதையும் அடித்தேன்.

புல்லின் நிறத்துக்கு நாற்பது நிமிஷம்:
நீலமா, பச்சையா, செங்கல்லா.
மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்பதற்கு நாலு.
இழைகளுக்கிடையே நிரப்ப
மணல் எத்தனை மூட்டை என்றதும்
எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.
இந்த ஊரில் மணலை யாரும் விலைக்கு வாங்கியதில்லை.
லெவாந்தே அதைச் சாவித்துவாரம் வழியாக
வீட்டுக்குள் கொடுத்துவிட்டுப் போகும்.

ஜலசந்தியிலிருந்து வரும் கொண்டல் அது,
மேகம் கொண்டுவராத கொண்டல்.
ஐந்து நாள் நின்றடித்தால்
நாய்கள் சொந்தக்காரனைப் பார்த்துக் குரைக்கும்.

ஒப்துலியா அதுவரை பேசவில்லை.
படகுத்தளத்தில் வெல்டிங் செய்கிறவள்.
பையிலிருந்து ஒரு முழக் கைப்பிடிக் கம்பியை எடுத்து
வண்ணப் பட்டியலின் மேல் வைத்தாள்.
அலைச்சுவரில் நாலு வருஷம் நின்றது.
பளபளத்த பக்கத்தில்
செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
உப்புத் தின்ற இரும்பு?

பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி,
கொதிக்கும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம்,
அதன் மேல் கடலோரப் பூச்சு ஒரு கோட்டு
என்று அவர் வேகமாகச் சொன்னார்.
விலையை மெதுவாகச் சொன்னார்.
ஆறு கை உயர்ந்தது:
கம்பம் வைத்த கண்ணாடிக் களம்.
அடிக்காமல் எழுதிக்கொண்டேன்.

ஏழரை மணிக்கு வெளியே வந்தோம்.
ஒப்துலியா கோட்டுக்குள் போய்
கிழக்குச் சுவர் வரப்போகிற இடத்தில் நின்று
"போடு" என்றாள்.
எதிர்முனையிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டேன்.
அவள் மட்டை காற்றை வெட்டியது.
பந்து நெற்றியில் பட்டது.

சூரியன் என் முதுகில் இருந்தது,
அவள் கண்ணுக்குள் இருந்தது.
கோடு கிழக்கு மேற்காகக் கிடந்தது.
எட்டுப் பேரும் மூன்று மாதமாக
அதை மிதித்துத் தாண்டித்தான் கூட்டத்துக்கு வந்தோம்.

திருப்பிப் போட்டால்?
வடக்கும் தெற்கும் பின்சுவர்.
வெயில் யார் முகத்திலும் நேராக விழாது.
கொண்டல் வரும் பக்கம் பெரும்பாலும் கம்பிவலை;
காற்று அதில் நுழைந்து, நாலு புள்ளி கெடுத்து,
மறுபக்கம் போய்விடும்.
கண்ணாடியோடு அதற்கு அவ்வளவு பகையிருக்காது.

அப்படியானால், என்றேன்,
கம்பமில்லாததே—

"வாயை மூடு" என்றாள் ஒப்துலியா
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.
செருப்பால் சுண்ணாம்பை அழிக்கத் தொடங்கினாள்.
பழைய ஐஸ் உடைக்கும் மேடை
ஒரு மூலையில் அரை மீட்டர் இடிக்கும்.
அதை யார் உடைப்பது, எந்தக் காசில்?

அடுத்த வியாழன் மறுபடி கூடுவது,
என்று எழுதினேன்.
காற்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது.